புதிய மனைப்பிரிவுக்கு எந்தத் தெரு அமைப்பு? கட்டமா, முட்டுச்சந்தா, இரண்டும் கலந்ததா

வீட்டை இடித்துக் கட்டலாம், மேலே மாடி எடுக்கலாம், குழாயைத் தோண்டி மாற்றலாம். தெரு மட்டும் போட்டது போட்டதுதான். 1666-இல் லண்டன் நகரின் பெரும்பகுதி தீயில் எரிந்து போனபோது கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் உட்படப் பலர் புதிய தெரு வரைபடங்களோடு வந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை, ஏனென்றால் வீடுகள்தான் எரிந்தனவே தவிர யாருடைய மனை எல்லையும் எரியவில்லை. ஊர் பெரும்பாலும் பழைய தெருக்கோடுகளின் மேலேயே திரும்ப எழுந்தது. காலி நிலத்தில் மனைப்பிரிவு போடுகிறவர் இழுக்கிற ஒவ்வொரு கோட்டுக்கும் இவ்வளவு ஆயுள் இருக்கிறது. ஆனால் அந்தக் கோடு பல இடங்களில் "மொத்தம் எத்தனை மனை தேறும்?" என்ற ஒரே கேள்வியில் முடிவாகிவிடுகிறது. அதுதான் என்னை இதை எழுத வைத்தது.

நிலத்தைப் பிரிப்பவர், நாலு பேர் சேர்ந்து நிலம் வாங்கிப் பிரித்துக்கொள்ளும் குழு, வரைபடத்துக்கு ஒப்புதல் தரும் இடத்தில் இருப்பவர், இவர்கள் முன்னால் பொதுவாக இருக்கிற வழிகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். மனை வாங்கப் போகிறவரும் படிக்கலாம், விலையையும் மனை எண்ணையும் பார்ப்பதற்கு முன்னால் அந்த வரைபடத்தில் தெருக்கள் எங்கே போய் முடிகின்றன என்று பார்ப்பது நல்லது.

கட்டத் தெருக்கள்

நேர்த் தெருவும் குறுக்குத் தெருவும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும் அமைப்பு. மிகப் பழையது, மொஹஞ்சதாரோவில் ஓரளவுக்கு இதைப் பார்க்கலாம், 1682-இல் பிலடெல்பியாவிலும் 1811-இல் நியூயார்க்கின் மன்ஹாட்டனிலும் இதைத்தான் வரைந்தார்கள். இதன் பெரிய பலம், எந்த இடத்துக்கும் போக ஒன்றுக்கு மேற்பட்ட வழி இருப்பது. ஒரு தெருவைத் தோண்டிப் போட்டிருந்தால் அடுத்த தெருவில் சுற்றிப் போகலாம், ஆம்புலன்ஸுக்கும் அதேதான். வண்டிகள் பல தெருக்களில் பிரிந்து போவதால் எந்த ஒரு வீட்டு வாசலும் மொத்தச் சுமையையும் தாங்க வேண்டியதில்லை. தண்ணீர்க் குழாய்க்கும் இது நல்லது: குழாய்கள் வளையமாக இணைந்திருந்தால் ஓர் இடத்தில் உடைப்பு வந்தாலும் மறுபக்கத்திலிருந்து தண்ணீர் வரும், கோடியில் போய்த் தேங்கிக் கெடாது.

ஆனால் கட்டம் என்ற ஒரே பெயரில் முற்றிலும் வேறுவேறு ஊர்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் போர்ட்லண்டில் ஒரு பிளாக், அதாவது நாலு பக்கமும் தெரு சூழ்ந்த மனைத் தொகுதி, 200 அடி (61 மீட்டர்); தெரு சுமார் 60 அடி. சால்ட் லேக் சிட்டியில் பிளாக் 660 அடி, 201 மீட்டர். தெருவோ 132 அடி. முதல் ஊரில் ஒரு நிமிடம் நடப்பதற்குள் அடுத்த முனை வந்துவிடும், இரண்டாவதில் மூன்று நிமிடம் நடக்க வேண்டும், வந்த முனையிலும் 40 மீட்டர் அகலத் தெருவைக் கடக்க வேண்டும். நிலக் கணக்குப் போட்டால் போர்ட்லண்டில் சுமார் 41 சதவீதம் தெருவுக்கே போகிறது, சால்ட் லேக்கில் சுமார் 31. இரண்டுமே எல்லை தாண்டிய உதாரணங்கள்தான். பார்சிலோனாவில் இல்டெஃபோன்ஸ் செர்தா 1859-இல் போட்ட விரிவாக்கத்தில் பிளாக் 113 மீட்டர். புதிய குடியிருப்புக்கு 80 முதல் 120 மீட்டருக்குள் நின்றால் நடக்கவும் சரி, நிலத்துக்கும் சரி என்பது என் கணிப்பு.

கட்டத்தின் குறை என்னவென்றால், பக்கத்தில் பெரிய சாலையில் நெரிசல் ஏற்பட்டவுடன் வெளியூர் வண்டிகள் உள்ளே புகுந்து குறுக்கு வழி எடுக்கும். நேர்க்கோடு நீளமாகக் கிடைத்தால் வேகமும் பிடிக்கும். நான்கு முனைச் சந்திப்பு என்பதே ஒரு பிரச்சினை: இரு வழிப் போக்குவரத்து இருக்கும் நான்கு முனைச் சந்திப்பில் வண்டிகளின் பாதைகள் மோதிக்கொள்ளக்கூடிய புள்ளிகள் 32, மூன்று முனைச் சந்திப்பில் வெறும் 9. 1950-களில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதிக் குடியிருப்புகளில் ஹரோல்ட் மார்க்ஸ் செய்த ஆய்விலும் மூன்று முனைச் சந்திப்புகளில் விபத்து பல மடங்கு குறைவாகத்தான் இருந்தது. இதற்காகக் கட்டத்தையே கைவிட வேண்டியதில்லை, குறுக்குத் தெருக்களைக் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போட்டு ஒவ்வொரு நான்கு முனைச் சந்திப்பையும் மூன்று முனைச் சந்திப்புகள் இரண்டாக உடைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

முட்டுச்சந்துக் குடியிருப்பு

ஒரு பெரிய சாலை, அதிலிருந்து பிரியும் ஒரு நடுச் சாலை, அதிலிருந்து பிரியும் குட்டித் தெருக்கள், அவை ஒவ்வொன்றும் ஒரு வட்டத்தில் போய் முடியும். மரக்கிளை போன்ற அமைப்பு. இங்கிலாந்தில் 1875-க்குப் பிறகு வந்த சுகாதார விதிகள் புதிய தெருக்களுக்கு 36 அடி அகலம் என்று பல ஊர்களில் கட்டாயப்படுத்தின. காற்றும் வெளிச்சமும் வர வேண்டும், நோய் பரவக் கூடாது என்பதுதான் காரணம், கார் அப்போது கிடையாது. அதனால் உருவான வறட்சியான நீண்ட தெருக்களிலிருந்து தப்பிக்க, லண்டனின் ஹாம்ப்ஸ்டெட் கார்டன் சபர்ப் குடியிருப்புக்காக 1906-இல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். கட்டடக் கலைஞர் ரேமண்ட் அன்வின் அங்கே முட்டுச்சந்துகளை அழகாகப் பயன்படுத்தினார். பிறகு 1930-களில் அமெரிக்காவின் கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் தரத் தொடங்கியபோது, கட்டத் தெருக்களை விடுத்து வளைவுகளையும் முட்டுச்சந்துகளையும் பரிந்துரைத்தது. கடன் கிடைக்க வேண்டுமே, எல்லோரும் அப்படியே வரைந்தார்கள்.

இதை விரும்புகிறவர்களைக் குறை சொல்லக் கூடாது. வாசலில் வெளி வண்டி வராது, குழந்தைகள் தெருவில் விளையாடலாம், அண்டை வீட்டார் முகம் பழகிவிடும். சான் பிரான்சிஸ்கோவில் டொனால்ட் ஆப்பிள்யார்ட் ஒரே மாதிரியான மூன்று தெருக்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, நாளைக்கு 2,000 வண்டி போகும் தெருவில் ஒருவருக்குச் சராசரியாக 3 நண்பர்கள் அதே தெருவில் இருந்தார்கள், 16,000 வண்டி போகும் தெருவில் 0.9 பேர்தான். வண்டி குறைந்தால் தெரு உயிர் பெறும், இது உண்மை.

சிக்கல் என்னவென்றால் அந்த அமைதிக்கு யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார். அமெரிக்கக் கணக்கில் ஒரு தனி வீட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 10 வண்டிப் பயணங்கள். ஒரே வாய் உள்ள குடியிருப்பில் 200 வீடுகள் இருந்தால் கடைசி வட்டத்தில் இருக்கும் வீட்டின் முன்னால் சில பத்து வண்டிகள்தான் போகும், வாயில் இருக்கும் முதல் வீட்டின் முன்னால் 2,000 போகும். அங்கே ஒரு மரம் விழுந்தாலோ குழாய் வெடித்தாலோ 200 குடும்பமும் உள்ளே மாட்டிக்கொள்ளும். பேருந்து உள்ளே வராது, வந்தாலும் திரும்ப முடியாது. குப்பை வண்டி ஒவ்வொரு சந்திலும் போய்ப் போய்த் திரும்பி வர வேண்டும்.

எனக்கு இதில் மிகவும் உறுத்துவது நடை. முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு வீடுகள், நடுவில் ஒரே ஒரு மதில். இந்த வீட்டுப் பையன் அந்த வீட்டுப் பையனோடு விளையாடப் போக வேண்டும் என்றால் தன் சந்தின் வாய்க்கு வந்து, நடுச் சாலையில் நடந்து, அடுத்த சந்துக்குள் கோடி வரை போக வேண்டும். சந்து 150 மீட்டர் என்றால் மொத்தம் 350 மீட்டருக்குக் குறையாது. சந்துகள் வேறுவேறு நடுச் சாலைகளில் பிரிகின்றன என்றால் ஒரு கிலோமீட்டரைத் தாண்டிவிடும், அதுவும் வண்டி வேகமாகப் போகும் சாலை ஓரமாக. அந்தப் பையனை வண்டியில் கொண்டுபோய் விடுவார்கள். அப்படித்தான் அந்த 10 பயணம் வருகிறது.

வளையத் தெரு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரே சாலையில் புறப்பட்டு அதே சாலைக்கு வந்து சேரும் தெரு. திரும்ப இடம் தேவையில்லை, குழாய் வளையமாகப் போகும், வெளி வண்டிக்கு அதில் வேலை இல்லை. முட்டுச்சந்துக்குப் பதிலாக இதைப் போட இடம் இருக்கும்போது முட்டுச்சந்தைத் தேர்ந்தெடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

எதைத் திருத்த முடியும், எதைத் திருத்த முடியாது

இந்த ஒப்பீட்டில் நான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக நினைப்பது ஒன்று உண்டு. இன்றைக்கு எடுக்கும் முடிவு தப்பாகப் போனால் பின்னால் வருகிறவர்களால் சரிசெய்ய முடியுமா?

கட்டத் தெருவில் வெளி வண்டி அதிகமாகிவிட்டது என்று வையுங்கள். குறுக்கே நாலு கம்பம் நட்டால் போதும், வண்டி நின்றுவிடும், ஆளும் சைக்கிளும் போகும். பார்சிலோனாவில் 2016 முதல் போப்லேநோ பகுதியில் செய்தது இதுதான்: மூன்றுக்கு மூன்று என ஒன்பது பிளாக்குகளைச் சேர்த்து ஒரே பெரிய தொகுதியாக்கி, உள்ளே ஊடு போக்குவரத்தை நிறுத்தினார்கள். முதலில் பெயிண்டும் தொட்டிச் செடிகளும் வைத்தே தொடங்கினார்கள், ஒரு சுவரைக்கூட இடிக்கவில்லை. 1859-இல் போட்ட தெரு 150 ஆண்டு கழித்து வேறு வேலைக்கு வளைந்துகொடுத்தது.

முட்டுச்சந்துக் குடியிருப்பில் இதற்கு நேர்மாறாக ஒரு வழி திறக்க வேண்டும் என்றால் யாருடைய மனை வழியாகத் திறப்பது? வீட்டை வாங்க வேண்டும், இடிக்க வேண்டும், அதற்குள் அந்தச் சந்தில் இருக்கும் அத்தனை பேரும் எதிர்த்து நிற்பார்கள், அவர்கள் அமைதிக்காகத்தானே அங்கே வாங்கினார்கள். ஆகவே சந்தேகம் வந்தால் இணைப்பு இருக்கும் பக்கம் சாயுங்கள். வேண்டாத இணைப்பை எப்போது வேண்டுமானாலும் அடைத்துக்கொள்ளலாம்.

கலந்து போடுவது

வண்டிக்கு முட்டுச்சந்து, காலுக்குக் கட்டம். இதுதான் என் பரிந்துரை, இதற்கு நல்ல முன்னுதாரணங்களும் இருக்கின்றன. நெதர்லாந்தின் ஹவுட்டன் நகரில் சுற்றிலும் ஒரு வளையச் சாலை. ஒவ்வொரு குடியிருப்புக்கும் அந்த வளையத்திலிருந்துதான் கார் நுழைய முடியும், ஒரு குடியிருப்பிலிருந்து இன்னொன்றுக்குக் காரில் போக மறுபடி வளையத்துக்கு வெளியே வந்து சுற்ற வேண்டும். சைக்கிளுக்கும் நடைக்கும் ஊரின் நடுவே நேரான பாதைகள். சிறிய கிராமமாக இருந்த அது இன்று சுமார் 50,000 பேர் வாழும் ஊர், பக்கத்துத் தெருவுக்குக் காரை எடுப்பதைவிடச் சைக்கிளை எடுப்பதுதான் அங்கே சீக்கிரம். கனடாவில் ஃபானிஸ் கிராமெனோஸ் முன்வைத்த இணைந்த கட்டம் என்ற அமைப்பும் இதே எண்ணம்தான்: நாலு மூலையிலிருந்தும் வளையத் தெருக்கள் உள்ளே வந்து திரும்பிவிடும், நடுவில் ஒரு பூங்கா, பூங்கா வழியாக நடந்து எல்லாப் பக்கமும் போகலாம்.

ஆனால் நடைபாதை இணைப்பு என்று எழுதி இரண்டு மதிலுக்கு நடுவே ஓர் இடுக்கை விட்டுவிட்டால் அது இருட்டுச் சந்தாகிவிடும், சில ஆண்டுகளில் குடியிருப்போரே கதவு போட்டுப் பூட்டுவார்கள். 1929-இல் நியூஜெர்சியின் ராட்பர்ன் குடியிருப்பில் கிளாரன்ஸ் ஸ்டைனும் ஹென்றி ரைட்டும் வண்டிப் பாதையையும் நடைப்பாதையையும் முழுவதுமாகப் பிரித்தார்கள். அங்கே அது நன்றாக இருந்தது. அதையே பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் பொது வீட்டுவசதித் திட்டங்களில் நகலெடுத்தபோது, வீட்டின் முன்பக்கம் ஆளில்லாத நடைபாதையைப் பார்த்தபடியும், எல்லோரும் உண்மையில் நுழையும் பின்பக்கம் வண்டி நிறுத்துமிடமாகவும் ஆகி, பல இடங்களில் பாதுகாப்புப் பிரச்சினை வந்தது. நியூ சவுத் வேல்ஸில் பிறகு காசு செலவழித்து வீடுகளின் முகத்தையே திருப்பினார்கள். ஆக, நடை இணைப்பு குறுகிய நீளமாக, நேராக, ஒரு முனையில் நின்றால் மறுமுனை தெரியும்படி இருக்க வேண்டும், அகலம் 3 மீட்டருக்குக் குறையக் கூடாது, விளக்கு வேண்டும், இரு பக்கத்து வீடுகளுக்கும் அதைப் பார்த்தபடி ஜன்னல் வேண்டும். மதில் உயரத்தைக் குறைக்கச் சொல்லி மனைப் பத்திர நிபந்தனையிலேயே எழுதிவிடலாம்.

அகலம்தான் நிலத்தைத் தின்கிறது

குறுக்குத் தெரு அதிகம் போட்டால் மனை குறையும் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மனை 10க்கு 20 மீட்டர், முதுகோடு முதுகாக இரண்டு வரிசை, ஆக பிளாக்கின் ஆழம் 40 மீட்டர். தெரு, நடைபாதை எல்லாம் சேர்த்து 9 மீட்டர். பிளாக் நீளம் 200 மீட்டர் என்றால் நிலத்தில் சுமார் 22 சதவீதம் தெருவுக்குப் போகும். நீளத்தைப் பாதியாக, 100 மீட்டராகக் குறைத்தால் 25 சதவீதம். மூன்று சதவீதம் இழப்பு. முழுத் தெருவுக்குப் பதிலாக 200 மீட்டர் பிளாக்கின் நடுவில் 3 மீட்டர் நடைப்பாதை மட்டும் விட்டால் 23 சதவீதம், இழப்பு ஒரு சதவீதம்தான்.

இப்போது தெருவை 9-லிருந்து 12 மீட்டராக அகலப்படுத்துங்கள். 100 மீட்டர் பிளாக்கில் 25 சதவீதம் 31 ஆகிவிடும். 10 ஹெக்டேர் நிலத்தில் அந்த ஆறு சதவீதம் ஏறக்குறைய 30 மனை. 12 மீட்டர் தெருவும் 200 மீட்டர் பிளாக்கும் போட்டால் 27 சதவீதம், அதாவது 9 மீட்டர் தெருவும் 100 மீட்டர் பிளாக்கும் போடுவதைவிட அதிகம். இணைப்பைக் குறைத்துச் சேர்க்கிற நிலத்தை அகலத்தில் விட்டுவிடுகிறோம். வரைபடத்தைத் திருத்த உட்காருகிறவர் முதலில் கை வைக்க வேண்டியது இங்கேதான்.

அகலமான தெரு பாதுகாப்பு என்ற நம்பிக்கையும் சரியில்லை. அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள லாங்மாண்ட் நகரில் பீட்டர் ஸ்விஃப்ட் குழு 1990-களில் சுமார் 20,000 விபத்துப் பதிவுகளைப் பார்த்தபோது, குடியிருப்புத் தெருக்களில் தெரு அகலம் கூடக் கூடக் காயம்பட்ட விபத்துகளும் கூடின. 24 அடி அளவிலான தளம்தான், அதாவது வண்டி ஓடும் பகுதிதான், பாதுகாப்பாக இருந்தது. காரணம் வெளிப்படை, இடம் கிடைத்தால் ஓட்டுநர் மிதிப்பார். அமெரிக்கச் சாலை வடிவமைப்புக் கணக்கில் 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி நிற்க 35 மீட்டர் வைக்கிறார்கள், 50-இல் 65 மீட்டர். மோதும் ஆற்றலோ கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

எவ்வளவு போதும்? 2007-இல் பிரிட்டன் அரசு வெளியிட்ட தெரு வடிவமைப்பு வழிகாட்டிப்படி இரண்டு கார்கள் எதிரெதிரே கடக்க 4.1 மீட்டர் தளம், ஒரு காரும் ஒரு லாரியும் கடக்க 4.8, இரண்டு லாரிகள் கடக்க 5.5. உள்தெருவுக்கு 5 மீட்டர் தளம், இரு பக்கமும் 2 மீட்டர் நடைபாதை, மொத்தம் 9. இதில் ஒரு முக்கியமான நிபந்தனை இருக்கிறது: வீட்டு வண்டிகள் மனைக்குள்ளே நிற்க வேண்டும். தெருவிலேயே நிறுத்தப் போகிறார்கள் என்று தெரிந்தால் அதைக் கண்டும் காணாமல் விடாதீர்கள், ஒரு கார் 2 மீட்டரை எடுத்துக்கொண்டால் மிச்சம் 3 மீட்டர்தான், தீயணைப்பு வண்டி நின்று வேலை செய்ய அதே வழிகாட்டி 3.7 மீட்டர் கேட்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பக்கம் நிறுத்துமிடப் பட்டை ஒதுக்கி 11 மீட்டராகப் போடுங்கள், நாலு வண்டிக்கு ஒரு மரம் அந்தப் பட்டையிலேயே வைக்கலாம். குடியிருப்பின் நடுச் சாலை, பேருந்து வரக்கூடியது, அது ஒன்று மட்டும் அகலமாக இருந்தால் போதும். எல்லாத் தெருவையும் ஒரே அகலத்தில் போடுவது வரைகிறவருக்குச் சுலபம், அவ்வளவுதான்.

முனை

வரைபடத்தில் யாரும் கவனிக்காத ஓர் அளவு, தெரு முனையின் வளைவு. வண்டி சுலபமாகத் திரும்பட்டும் என்று 9 மீட்டர் ஆரம் போடுவார்கள். 6 மீட்டர் தளமுள்ள ஒரு குறுக்குத் தெருவின் வாயை, நடைபாதையின் நடுக்கோட்டிலேயே நேராக நடந்து கடக்கிற ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள், நடைபாதை 1.5 மீட்டர் அகலம். முனை ஆரம் 3 மீட்டர் என்றால் அவர் கடக்க வேண்டியது சுமார் 8 மீட்டர். ஆரம் 9 மீட்டர் என்றால் சுமார் 17 மீட்டர். அதே தெரு, அதே தளம். வயதானவர் வேகத்தில், நொடிக்கு ஒரு மீட்டர் வைத்தால், 8 நொடி வண்டிப் பாதையில் நிற்பதும் 17 நொடி நிற்பதும் ஒன்றா? கூடவே வண்டிகள் வேகத்தைக் குறைக்காமலே அந்த வளைவில் வழுக்கிக்கொண்டு திரும்பும். குப்பை வண்டியும் தீயணைப்பு வண்டியும் திரும்ப வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும்தான், ஆனால் உள்தெருவில் அவை எதிர்ப்பக்கத் தளத்தையும் சேர்த்து எடுத்துத் திரும்பலாம், நாளில் ஓரிரு முறை நடப்பதற்காக முனையையே அகலமாக்க வேண்டியதில்லை. பிளாக்குகளின் மூலைகளைச் சாய்வாக வெட்டிய பார்சிலோனாவின் அழகான வெட்டுமுனைகளில்கூட நடப்பவர் ஒவ்வொரு சந்திப்பிலும் உள்ளே ஒதுங்கிப் போய்க் கடந்து மறுபடி வெளியே வர வேண்டியிருக்கிறது.

நீளமான நேர்த் தெருவில் வேகத்தடை போடுவதை எல்லோரும் கடைசி ஆயுதமாக நினைக்கிறார்கள். வரைபடத்திலேயே 70 மீட்டருக்கு ஒரு முறை ஏதோ ஒன்று, ஒரு சந்திப்போ லேசான வளைவோ உயர்த்திய கடப்போ வரும்படி செய்துவிட்டால் பிறகு அதற்கு வேலை இருக்காது. டெல்ஃப்டில் தொடங்கி 1976-இல் நெதர்லாந்து சட்டமே ஏற்றுக்கொண்ட வூனெர்ஃப் தெருக்களில் நடைபாதை மேடே கிடையாது, மரமும் தொட்டியும் வளைவும் வைத்து வண்டி நடை வேகத்தில்தான் போக முடியும்படி செய்தார்கள். குட்டித் தெருக்களுக்கு இது அருமை, வண்டி அதிகம் வரும் தெருவில் செய்தால் ஆபத்து.

முட்டுச்சந்து போட்டே ஆக வேண்டும் என்றால்

நிலத்தின் ஓரத்தில் ஒரு மூலை, பக்கத்தில் ஆறு அல்லது ரயில் பாதை, வேறு வழியில்லை. அப்போது போடலாம், சின்னதாக. அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றும் தீ விதித் தொகுப்பு 150 அடி, அதாவது சுமார் 45 மீட்டருக்கு மேல் போகும் கோடித் தெருவில் தீயணைப்பு வண்டி திரும்ப இடம் கேட்கிறது. வட்டமாகப் போட்டால் விட்டம் 96 அடி, 29 மீட்டர். அந்த வட்டம் மட்டும் சுமார் 670 சதுர மீட்டர், 200 சதுர மீட்டர் மனை மூன்றுக்கும் மேல். 45 மீட்டருக்குள் நிறுத்திவிட்டால் அந்த நிலம் மிச்சம். 30 தனி வீடுகளைத் தாண்டினால் இரண்டாவது வாய் வேண்டும் என்பதும் அந்தத் தொகுப்பின் விதிகளில் உண்டு, எங்கே மனைப்பிரிவு போட்டாலும் இந்த எண்ணிக்கையை எல்லையாக வைத்துக்கொள்வது நல்லது. கோடியில் மதில் எழுப்பாமல் நடைப்பாதை விடுங்கள்.

எந்த அமைப்பானாலும் முதலில் தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் கோடு இழுக்க வேண்டும். நில மட்ட வரைபடம் எடுத்து, மழைநீர் இயற்கையாகப் போகும் தாழ்கோட்டை முதலில் குறித்து, அதன் மேல் பசுமைப் பட்டையோ தெருவோ வரட்டும், மனை வரக் கூடாது. முட்டுச்சந்தின் கோடி தாழ்வான பக்கம் இருந்தால் தெருவின் மொத்த மழையும் கடைசி வீட்டு வாசலில்தான் நிற்கும். தெரு ஓர வடிகாலுக்கு நீளவாக்கில் 0.5 சதவீதச் சரிவாவது வேண்டும், குறுக்கே 2 சதவீதம். மேட்டு நிலத்தில் கட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு திணித்தால் என்ன ஆகும் என்பதற்கு சான் பிரான்சிஸ்கோ இருக்கிறது, ஃபில்பர்ட் தெருவின் ஒரு பகுதி 31.5 சதவீதச் சரிவு. சக்கர நாற்காலிச் சாய்தளத்துக்கே 1-க்கு 12, அதாவது சுமார் 8 சதவீதம் என்பதுதான் எல்லை, நடைபாதைக்கு 5 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. மேட்டில் நீளத் தெருக்களை ஒரே உயரத்தில் போகும் சமமட்டக் கோட்டை ஒட்டி லேசான சாய்வில் கொண்டுபோய், செங்குத்தான குறுக்கு இணைப்புகளை நடப்பவருக்கு மட்டும் விடலாம், வேண்டிய இடத்தில் படியாக.

நிலத்தின் அளவைப் பொறுத்தும் முடிவு மாறும். இரண்டு ஹெக்டேருக்குள், முப்பது நாற்பது வீடு என்றால் ஒரு வளையத் தெருவும் இரண்டு நடை இணைப்பும் போதும், கட்டம் பற்றி மண்டையை உடைக்க வேண்டியதில்லை. பத்து ஹெக்டேரைத் தாண்டினால், அல்லது பக்கத்து நிலங்களும் நாளைக்குப் பிரியப் போகின்றன என்றால், கலப்பு அமைப்பைத் தவிர வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன். கட்டத்தை அடிப்படையாக வரைந்துகொண்டு, பெரிய சாலையிலிருந்து ஊடு போகும் இரண்டு மூன்று இடங்களில் மட்டும் கம்பம் நட்டு வண்டியை மறியுங்கள். கம்பத்துக்கு அடியில் தெரு முழு அகலத்தில் தளம் போட்டே இருக்கட்டும், கம்பத்தைப் பூட்டி, சாவி ஒன்று தீயணைப்புத் துறையிடம் இருக்கட்டும்.

கடைசியாக எல்லைக்கோடு. பக்கத்து நிலம் இன்று வெறும் வயலாகவோ புதராகவோ இருக்கலாம், ஆனாலும் ஒவ்வொரு பக்கத்திலும் ஓரிரு தெருவை எல்லை வரை கொண்டுபோய் நிறுத்த வேண்டும். சிலர் எல்லைக்கு முன்னால் ஓர் அடி நிலத்தைத் தங்கள் பெயரிலேயே வைத்துக்கொண்டு, பிறகு பக்கத்துக்காரர் இணைக்க வரும்போது அந்த ஓர் அடிக்கு விலை பேசுவார்கள். ஒப்புதல் தருகிறவர்கள் தெரு எல்லையைத் தொடுகிறதா என்று அளந்து பார்த்துத்தான் கையெழுத்திட வேண்டும். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் 2009-இல், பக்கத்து நிலங்களோடு போதுமான இணைப்பு வைக்காத புதிய குடியிருப்புகளின் தெருக்களை மாநிலப் பராமரிப்புக்கு எடுப்பதில்லை என்று விதி கொண்டுவந்தது, அப்படி ஏதாவது ஒரு பிடி இல்லாமல் இது நடக்காது. எல்லையில் நிறுத்திய தெருவின் கோடியில் "இந்தத் தெரு பின்னால் நீட்டிக்கப்படும்" என்று முதல் நாளே ஒரு பலகை வைத்துவிடுங்கள், அதே வரியை அந்தத் தெருவில் விற்கும் ஒவ்வொரு மனையின் பத்திரத்திலும் சேருங்கள். பத்து ஆண்டு கழித்து இணைப்பு வரும்போது தங்களிடம் யாரும் சொல்லவில்லையே என்று அங்கே குடியிருப்போர் வழக்குப் போட இடமிருக்கக் கூடாது.